ஜீப் கண்ணாடி ஏறுகிற சத்தம்

அன்புள்ள மாப்ளே,

பெர்லினில் மூன்று மாத வேலை, சனி ஞாயிறுகளில் பாரிஸ், புடாபெஸ்ட், போகும் வழியில் துபாயில் நாலு நாள் சித்தப்பா வீடு என்று உன் அம்மா போனில் ஒப்பித்தாள். புதுக் கேமராவும் வாங்கிவிட்டாயாம். "தெருவுல போறவங்களை அவங்களுக்குத் தெரியாம எடுக்கணும் மாமா, அதுதான் நிஜமான படம்" என்ற உன் வாய்ஸ் மெசேஜை இரண்டு முறை கேட்டேன். மூணாறில் இருபது வருஷமாக ஸ்டுடியோ நடத்துகிறவன் என்ற உரிமையில் இதை எழுதுகிறேன். நம் தேயிலைத் தோட்டத்து லயங்களிலிருந்து வெளிநாட்டுக்குக் கிளம்புகிற பிள்ளைகள் இன்னும் சிலர் இருக்கிறார்கள், அவர்களும் படிக்கட்டும் என்று பொதுவிலேயே போடுகிறேன்.

முதலில் உன் அம்மாச்சியைப் பற்றி. முப்பத்தோரு வருஷம் கொழுந்து எடுத்தவள். டாப் ஸ்டேஷன் ரோட்டை ஒட்டிய சரிவில்தான் பெரும்பாலும் வேலை. சீசனில் எத்தனை ஜீப், எத்தனை வேன் அங்கே நிற்கும் என்று கணக்கே கிடையாது. கண்ணாடி இறங்கும், லென்ஸ் நீளும், நாலு க்ளிக், கண்ணாடி ஏறும், வண்டி போய்விடும். தலையில் துண்டு, இடுப்பில் தார்ப்பாய், கையில் கத்திரி, பின்னால் பச்சை மலை. எந்தெந்த ஊரில் எத்தனை கம்ப்யூட்டர்களில் அவள் இன்னும் கொழுந்து வெட்டிக்கொண்டிருக்கிறாளோ!

அவள் போன அன்று சட்டம் போட ஒரு படம் தேடினோம். போட்டோக்காரன் வீடு. ஊரார் கல்யாணமெல்லாம் என் ஹார்ட் டிஸ்கில் கிடக்கிறது, பெத்தவள் முகம் தனியாக ஒன்று இல்லை. கடைசியில் எஸ்டேட் அடையாள அட்டையில் இருந்த ஸ்டாம்ப் சைஸ் படத்தை ஸ்கேன் செய்து பெரிதாக்கினேன். அதன் மேல் குத்தியிருந்த சீலை ராத்திரி முழுக்க உட்கார்ந்து அழித்தேன். இடது கன்னத்தில் ஊதா வளைவு ஒன்று மட்டும் போகவில்லை. மாலை போட்டால் மறைந்துவிடும், காய்ந்த மாலையைக் கழற்றினால் தெரியும்.

படமெடுத்தவர்களில் ஒரே ஒருத்தனைப் பற்றித்தான் அம்மா பேசுவாள். அவனும் கேட்காமல்தான் எடுத்தான், ஆனால் வண்டிக்குத் திரும்பவில்லை. கொழுந்து நிறுக்கும் வரை அங்கேயே நின்றான். மூட்டையைத் தூக்கிப் பார்க்கிறேன் என்று தலைக்கு ஏற்றி, இரண்டடி வைத்து, சறுக்கி உட்கார்ந்தான். பெண்கள் எல்லாரும் சிரித்திருக்கிறார்கள். அப்புறம் கேமராவின் பின்பக்கத்தில் படத்தைக் காட்டினான். "வாயைப் பொளந்துக்கிட்டு நிக்கேன், அதைப் போய் எடுத்திருக்கான்" என்பது மட்டும்தான் அம்மாவின் குறை. கேட்காமல் எடுத்தது அவளுக்கு ஒரு பொருட்டாகவே படவில்லை.

அதனால் கேட்டுவிட்டுத்தான் எடுக்க வேண்டும் என்று உனக்குச் சொல்ல மாட்டேன். கேட்டால் அந்த நொடி போய்விடும், ஆள் காலரைச் சரிசெய்துகொண்டு பாஸ்போர்ட் போட்டோவுக்கு நிற்பதுபோல் நிற்பார். எடு. எடுத்தபின் ஓடாதே. நான் ஒருமுறை ஓடியிருக்கிறேன்.

2017இல் பாரிஸில் ஒரு யாழ்ப்பாணக் குடும்பத்துக் கல்யாணத்துக்குப் படமெடுக்கக் கூப்பிட்டார்கள். லா ஷப்பல் பக்கம் தங்கல். தெருவில் இறங்கினால் புடவைக் கடை, தமிழில் போர்டு, கொத்து ரொட்டி. வெளிநாடு வந்த நினைப்பே வராது. கொஞ்ச தூரம் நடந்தால் பார்பெஸ். மேலே பாலத்தில் மெட்ரோ ஓடும், அடியில் புதனும் சனியும் காய்கறிச் சந்தை. அங்கே ஒரு பெரியவர் புதினாக் கட்டு அடுக்கிக்கொண்டிருந்தார். ஒவ்வொரு கட்டையும் உதறி, மூக்கருகே கொண்டுபோய் மோந்துவிட்டுத்தான் வைப்பார். கண்ணை மூடி மோந்த நொடியில் எடுத்தேன். சத்தம் கேட்டு நிமிர்ந்தவர் நேரே லென்ஸைப் பார்த்தார். ஒரு சிரிப்பு போதும், இல்லை கையை நெஞ்சில் வைத்து ஒரு வணக்கம். நானோ அவர் தலைக்கு மேலே பாலத்தை எடுத்தது போல நடித்துவிட்டுக் கூட்டத்துக்குள் புகுந்தேன். பின்னால் ஏதோ கத்தினார். மெட்ரோ படிக்கட்டில் போய் மூச்சு வாங்க நின்றபோது என் காதில் கேட்டது ஜீப் கண்ணாடி ஏறுகிற சத்தம்.

அடுத்த சனிக்கிழமை பிரிண்ட் போட்டு எடுத்துக்கொண்டு போனேன். அந்த இடத்தில் வேறொருவன் தக்காளி விற்றான். பிரிண்ட் இன்றைக்கும் என் மேஜை டிராயரில் இருக்கிறது. நல்ல படம்தான், கண்காட்சிக்குக் கொடுக்க மனசு வரவில்லை.

ஒளிந்து எடுத்த பெரிய ஆட்களும் உண்டு. அமெரிக்கப் போட்டோக்காரர் வாக்கர் எவான்ஸ் 1938 முதல் 1941 வரை நியூயார்க் சுரங்க ரயிலில் கோட்டுக்குள் கேமராவை மறைத்து எதிரே உட்கார்ந்தவர்களை எடுத்தார். ஆனால் அவை புத்தகமாக வந்தது 1966இல். நமக்கு எடுத்த சூட்டோடு இன்ஸ்டாகிராமில் போடாவிட்டால் தூக்கம் வராது.

சட்டம் ஊருக்கு ஊர் வேறு. துபாயில் கேமரா பைக்குள்ளேயே இருக்கட்டும். அமீரகத்தின் 2021ஆம் வருஷத்து சைபர் குற்றச் சட்டப்படி, சம்மதமில்லாமல் ஒருவரைப் படமெடுத்து அவருடைய அந்தரங்கத்தில் தலையிட்டால் குறைந்தது ஆறு மாதச் சிறை, 1,50,000 முதல் 5,00,000 திர்ஹாம் வரை அபராதம், இரண்டும் சேர்ந்தும் வரலாம். அங்கே உன் கலைத்தாகத்துக்குக் கட்டடங்கள் போதும். ஹங்கேரியில் 2014 மார்ச்சில் வந்த சிவில் சட்டம், வெளியிடுவதற்கு மட்டுமல்ல, எடுப்பதற்கே சம்மதம் வேண்டும் என்கிறது. கூட்டத்தைக் கூட்டமாக எடுத்தால் விலக்கு உண்டு. பிரான்சில் எடுத்ததை வெளியிடும்போதுதான் பெரும்பாலும் வழக்கு வரும்.

நீ அதிக நாள் இருக்கப்போகிற ஜெர்மனியின் கதை கொஞ்சம் விசேஷமானது. 1898இல் ஜெர்மனியின் முன்னாள் சான்சலர் பிஸ்மார்க் இறந்த இரவில் இரண்டு போட்டோக்காரர்கள் அவர் படுக்கையறைக்குள் புகுந்து சவத்தைப் படமெடுத்து விற்கப் பார்த்தார்கள். வழக்கு நடந்து, ஒருவருடைய உருவம் அவருக்கே சொந்தம் என்ற சட்டம் 1907இல் வந்தது. இன்றும் அதுதான் அடிப்படை. வெளியிடச் சம்மதம் வேண்டும், கலைக்குச் சில விலக்கு உண்டு. 2013இல் பெர்லின் தெருவோரக் கண்காட்சியில் ஒரு பெண்ணின் படத்தைப் பெரிய பலகை அளவில் வைத்துவிட்டார்கள், அவர் வழக்குப் போட்டார். 2018இல் அந்நாட்டு அரசியல் சாசன நீதிமன்றம், தெருப் படம் கலைதான் என்று ஒப்புக்கொண்டது. ஆனாலும் போக்குவரத்து நிறைந்த ரோட்டில் அத்தனை பெரிதாக மாட்டியதால் போட்டோக்காரர் பக்கம் தீர்ப்பாகவில்லை. எடுத்ததைவிட, எங்கே எவ்வளவு பெரிதாக மாட்டினாய் என்பதுதான் அங்கே வினையானது.

இன்னொன்று. புது ஊரில் கை தானாகவே பிளாட்பாரத்தில் படுத்திருப்பவர் பக்கம் போகும். ஏழ்மை கருப்பு வெள்ளையில் எடுப்பாக இருக்கும் என்பது நம் தொழிலில் எல்லாருக்கும் தெரிந்த ரகசியம். 2015 செப்டம்பரில் தோட்டத் தொழிலாளிப் பெண்கள் நடத்திய பெம்பிளை ஒருமை (பெண்கள் ஒற்றுமை) போராட்டத்துக்கு நம் பெண்கள் மூணாறு ரோட்டில் உட்கார்ந்தபோது பத்திரிகைகளில் வந்த படங்களைத் தேடிப் பார். கையை உயர்த்தி, கேமராவை முறைத்துக்கொண்டு இருப்பார்கள். அதே பெண்கள்தான் சுற்றுலாக் காலண்டரில் குனிந்த தலையோடு கூடை சுமப்பார்கள். காலண்டர் படம் எனக்கு அலுத்துவிட்டது, வேறென்ன சொல்ல.

தொழில்நுட்பம் சுருக்கமாக. நீள ஜூமை வீட்டிலேயே வைத்துவிடு, அது ஜீப்புக்குள்ளிருந்து எடுப்பதற்குச் சமம். 35 எம்.எம். லென்ஸ், அப்பெர்ச்சர் எஃப் 8, போகஸை 3 மீட்டரில் நிறுத்து. முழு ஃப்ரேம் கேமராவில் சுமார் 2 முதல் 7 மீட்டர் வரை எல்லாம் தெளிவாக விழும். ஷட்டர் வேகம் 1/500 விநாடி. ஜெர்மனியில் குளிர்காலத்தில் நாலு மணிக்கே இருட்டிவிடும், குறைந்த வெளிச்சத்திலும் படம் விழ ஐ.எஸ்.ஓ.வை ஏற்றத் தயங்காதே. ஒரே மூலையில் ஒரு மணி நேரம் நில், கொஞ்ச நேரத்தில் தெரு உன்னை மறந்துவிடும். யாராவது பார்த்துவிட்டால் கேமராவை இறக்கு, சிரி, படத்தைக் காட்டு. அழி என்றால் அவர் கண் முன்னாலேயே அழி. "அனுப்பி வைக்கட்டுமா" என்பதை ஜெர்மனிலும் பிரெஞ்சிலும் மனப்பாடம் செய்துகொள். முகவரி கொடுத்தால் மறக்காமல் அனுப்பு. பிள்ளைகளை மட்டும் அப்பா அம்மாவிடம் கேட்காமல் எடுக்கவே எடுக்காதே.

கிளம்புமுன் ஒரு ஞாயிறு இங்கே வா. உடுமலை வழியாக வந்தால் வெளிச்சத்திலேயே சின்னார் தாண்டிவிடு, யானை நிற்கும். உன் அத்தை வருகிற மார்ச்சில் வேலையிலிருந்து நிற்கிறாள். அவளை ஒரு படம் எடுக்க வேண்டும். நான் எடுத்தால் ஸ்டுடியோ ஸ்டூலில் உட்கார்ந்தது போல விறைத்துக்கொள்வாள். நீ தெரியாமல் எடுத்து, கிட்டே போய்க் காட்டு. தலை கலைந்து கிடக்கிறது, அழி என்பாள். அழித்துவிட்டு, அவள் தலை சீவிக்கொண்டிருக்கும்போது இன்னொன்று எடு. பேப்பரும் மையும் ஸ்டுடியோவில் இருக்கிறது, அன்றைக்கே பிரிண்ட் போட்டுவிடலாம்.

இப்படிக்கு,
உன் மாமா,
மூணாறு