மாங்குளத் தரிப்பிடத்துக்கு வெயில் எந்தப் பக்கம்?

அன்பின் மச்சான்,

கடிதமும் மாங்குளம் பஸ் தரிப்பிட வரைபடமும் வந்து சேர்ந்தன. இங்கே மழை விட்டு ஒரு கிழமை. இரணைமடுக் குளத்தில் தண்ணீர் நல்லாய் நிற்கிறது, சிறுபோகத்துக்குப் பயமில்லை என்ற பேச்சுத்தான் சந்தையெல்லாம். உங்கள் பக்கம் எப்படி?

வரைபடத்துக்கு வருகிறேன். கண்டி-யாழ்ப்பாணம் ஏ-9 வீதியின் இரண்டு கரைக்கும் ஒரே தரிப்பிடத்தை அச்சில் வார்த்த மாதிரிப் போட்டிருக்கிறார்கள். பிழை அங்கேயே தொடங்குகிறது. மாங்குளத்தில் வீதி தெற்கு வடக்காக ஓடுகிறது. யாழ்ப்பாணம் போகிற பஸ் மேற்குக் கரையில் நிற்கும், அந்தத் தரிப்பிடத்தின் வாய் கிழக்கே பார்க்கும். வவுனியா போகிற பஸ் கிழக்குக் கரையில் நிற்கும், அதன் வாய் மேற்கே. ஒன்றுக்கு எதிரி வெயில், மற்றதற்கு எதிரி மழை. ஒரே கட்டடம் இரண்டையும் சமாளிக்காது.

முதலில் வவுனியாப் பக்கம். பங்குனி மாதத்தில் பின்னேரம் 4 மணிக்குச் சூரியன் ஏறக்குறைய 33 பாகை உயரத்தில் நிற்கும். வரைபடத்தில் கூரை விளிம்பு 2.4 மீற்றர் உயரம், சனம் இருக்கிற வாங்கு அந்த விளிம்பிலிருந்து 1.5 மீற்றர் உள்ளே. இருப்பவரின் தலை நிலத்திலிருந்து 1.2 மீற்றர். கணக்குப் பார்த்தால் வெயில் 39 பாகைக்குக் கீழே இறங்கியதுமே முகத்தில் அடிக்கும், அதாவது மூன்றரை மணி கழிந்ததுமே. பள்ளிக்கூடம் விட்ட பிள்ளைகளும் கிளினிக் முடிந்து வருகிற கிழவிகளும் அந்த நேரத்தில் தரிப்பிடத்துக்குப் பின்னால் போய்ச் சுவரின் நிழலில்தான் நிற்பார்கள். கட்டினது ஒரு பக்கம், சனம் மற்றப் பக்கம்.

தாழ்வாரத்தை நீட்டித் தப்பலாம் என்று நினையாதே, பஸ் முட்டும். வாங்குக்கு நேரே முன்பக்கத்தில் 0.9 மீற்றரிலிருந்து கூரை விளிம்பு வரை பனஞ்சிலாகையால் ஒரு தட்டி அடி. சிலாகைகள் வெளிப்பக்கம் கீழ்நோக்கிச் சரிந்திருக்க வேண்டும், இடையில் இடைவெளி விட வேண்டும். முழுதாய் மூடினால் உள்ளே இருப்பவரை வீதியில் போகிறவருக்குத் தெரியாது. பொழுதுபட்ட பிறகு தனியாக நிற்கிற பெண்பிள்ளைக்கு வெயிலைவிட அதுதான் பெரிய பிரச்சினை. 6 மீற்றர் நீளத்தில் வடக்கு முனை 2 மீற்றரைத் திறந்து விடு. பஸ் வடக்கிலிருந்துதானே வருகிறது, பார்க்கவும் வேண்டும், ஏறவும் வேண்டும். ஆனால் கார்த்திகை மழை வடகிழக்கிலிருந்து அடித்து அந்தத் திறப்பால்தான் நுழையும். அதனால் அந்த முனையில் மட்டும் கூரையை 1.2 மீற்றர் வெளியே நீட்டு.

யாழ்ப்பாணப் பக்கத்துக்குத் தட்டி வேண்டாம். அங்கே காலை வெயில் கொஞ்ச நேரம்தான், மழைதான் வாடைக்காற்றோடு நேரே வாய்க்குள் வரும். கூரையின் ஆழத்தைக் கூட்டி, வாங்கைப் பின்சுவரோடு ஒட்டிப் போடு. தரை முன்பக்கம் சரியட்டும், மீற்றருக்கு 2 சென்ரிமீற்றர் போதும். கூரைத் தண்ணீரைப் பீலியில் வாங்கிப் பக்கவாட்டில் இறக்கு. இல்லாவிட்டால் பஸ்ஸில் கால் வைக்கிற இடத்திலேயே சேறு.

மரங்களை இரண்டு தரிப்பிடத்துக்கும் பின்னால் அழகுக்கு நட்டிருக்கிறார்கள். கிழக்குக் கரையில் பின்னால் நிற்கிற மரம் பின்னேரம் நிழலை வயலுக்குத்தான் கொடுக்கும். 12 மீற்றர் உயர மரத்தின் நிழல் 4 மணிக்கு ஏறக்குறைய 18 மீற்றர் போகும். எனவே வவுனியாப் பக்கத்துக்கு நிழல் தர வேண்டியது யாழ்ப்பாணக் கரையில் நிற்கிற வேம்பும் வாகையும். 1 மீற்றர் ஆழ அகலத்தில் கிடங்கு வெட்டி, ஐப்பசி முதல் மழையோடு நடு. அடிமரத்தைச் சுற்றி 1.5 மீற்றர் சதுரம் மண்ணாகவே இருக்கட்டும். அதைக் கொங்கிறீட்டால் மூடுகிற இடத்தில் வேர் கல்லைத் தூக்கிவிடும், பிறகு மரத்தில் குற்றம் சொல்லித் தறிப்பார்கள். கட்டாக்காலி மாடுகளுக்கு மூன்று வருசமாவது கூடு வேண்டும், வேம்பு என்றாலும் ஆடு விடாது.

இனி அத்திவாரம். வெள்ளத்துக்குப் பயந்து 450 மில்லிமீற்றர் உயர்த்தியிருக்கிறார்கள், 2018 மார்கழியைக் கண்ட சனம், பிழை சொல்ல ஏலாது. ஆனால் அதற்குப் போட்ட சாய்தளம் 1.5 மீற்றர் நீளம். நீளம் 12க்கு உயரம் 1 என்ற சரிவுக்கு 5.4 மீற்றர் வேண்டும். இப்போது இருக்கிற சரிவில் சக்கர நாற்காலி பின்னோக்கிக் கவிழும். இடம் இருக்குமென்றால் கிறவல் போட்டு 9 மீற்றரில் 20க்கு 1 ஆக நிலத்தையே உயர்த்திவிடு, சாய்தளம் என்ற பெயரே தேவைப்படாது. இன்னொன்று, செயற்கைக் கால் போட்ட பலருக்குச் சரிவில் இறங்குவது படியில் இறங்குவதைவிடக் கடினம், முழங்கால் பூட்டு முன்னுக்குத் தள்ளும். வன்னியில் இது சின்ன எண்ணிக்கை இல்லை. ஆகவே பக்கத்தில் 150 மில்லிமீற்றர் உயரம், 300 அகலத்தில் மூன்று படியும், இரண்டுக்கும் கைபிடியும் வேண்டும். வாங்கு 450 உயரத்தில், கைதாங்கியோடு. கைதாங்கி இல்லாமல் எழும்ப முடியாதவர்கள் அதில் இருக்கவே மாட்டார்கள், நின்றுகொண்டே காத்திருப்பார்கள்.

நடைபாதைக் கல் 60 மில்லிமீற்றர் போதும், ஓட்டோ நிறுத்துகிற துண்டுக்கு 80 போடு. கல்லைவிடக் கரைக்கட்டுத்தான் முக்கியம். அது இல்லாவிட்டால் முதல் மாரியிலேயே அடிமணல் கழுவப்பட்டு, கற்கள் விலகி, ஊன்றுகோல் சிக்கும். வடிகான் மூடியின் துளை 13 மில்லிமீற்றருக்கு மேல் போகக் கூடாது, நீளத் துளையென்றால் நடக்கிற திசைக்குக் குறுக்காக இருக்கட்டும்.

கண் தெரியாதவர் காலால் தடவி வழி அறிகிற மஞ்சள் தடக்கல்லும் போட்டிருக்கிறார்கள், சந்தோசம். 1967இல் ஜப்பானில் ஒக்கயாமாவில் முதலில் பதித்தது. இன்றைக்கு அதன் அர்த்தம் இதுதான்: கோடு என்றால் போ, புள்ளி என்றால் நில். உங்கள் வரைபடத்தில் கோடு நேரே மின்கம்பத்தில் போய் முடிகிறது!

பெயர்ப்பலகை எழுத்து 100 மில்லிமீற்றருக்குக் குறையாமல் இருக்கட்டும். முல்லைத்தீவு பஸ் எந்த மூலையில் நிற்கும் என்பதைச் சந்தியிலேயே எழுது, அங்கேதான் வெளியூர்ச் சனம் தடுமாறும். வெளிச்சம் மஞ்சள் நிறமாக இருந்தால் மாரியில் ஈசல் குறையும். சோலர் விளக்கை மரத்தடியில் வையாதே.

ஒரு வேலை செய். அளவு நாடாவோடு பின்னேரம் 4 மணிக்குக் கிழக்குக் கரையில் போய் நில். எதிரே இப்போது நிற்கிற மரங்களின் நிழல் எதுவரை வருகிறது என்று கல் வைத்து அளந்து எழுது. தரிப்பிடத்தைப் பத்தடி தள்ளினால் தட்டியே தேவைப்படாமல் போகலாம்.

பிள்ளைகளைக் கேட்டதாகச் சொல்லு.

அன்புடன்,
உன் கிளிநொச்சி நண்பன்