கரைக்கு வர்ணம் போதும், வரத்துக்கால்வாயைப் பாருங்கள்

கார்டானோ என்னும் பிளாக்செயினின், அதாவது பல கணினிகள் சேர்ந்து காக்கும் பொதுக் கணக்கேட்டின், வாக்குப் பிரதிநிதிகளுக்கும், அதன் நாணயமான அடாவை வைத்திருந்தும் தங்கள் வாக்கு எங்கே கிடக்கிறது என்பதை மறந்தவர்களுக்கும்,

வணக்கம். காட்பாடியிலிருந்து எழுதுகிறேன். பொதுப்பணி ஒப்பந்தக்காரர் ஒருவரிடம் கணக்குப் பார்ப்பது என் பிழைப்பு. பகலில் ஏரிவேலை, மதகுவேலை பில்கள். ராத்திரியில், கார்டானோவின் பொதுக் கருவூலத்தை எதற்குச் செலவிடுவது என்ற உங்கள் முன்மொழிவுகள். இரண்டையும் ஒரே கண்ணால்தான் படிக்கிறேன். 500 அடா வைப்புத்தொகை கட்டி நானும் ஒரு டிரெப், அதாவது பிறர் ஒப்படைக்கும் வாக்கைச் செலுத்தும் பிரதிநிதி. என்னிடம் வாக்கை ஒப்படைத்தவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். அதனால் அதிகாரத்தோடு பேசவில்லை, எரிச்சலோடு பேசுகிறேன்.

வேகம் வேண்டும், பணப்புழக்கம் வேண்டும், மற்ற செயின்களுக்குப் பாலம் வேண்டும், விளம்பரம் வேண்டும், டெவலப்பர்கள் வேண்டும். முன்னுரிமை என்று நாம் பேசுவதையெல்லாம் சேர்த்துப் பார்த்தால் கல்யாண வீட்டு மளிகைச் சீட்டு மாதிரி இருக்கிறது. இந்த வருஷம் எதைச் செய்யப்போவதில்லை என்று ஒரு வரியாவது எழுதினால்தானே அது முன்னுரிமை?

எங்கள் பக்கத்து ஏரிக்கு ஒதுக்கீடு வந்தால் நடப்பதைச் சொல்கிறேன். கரையைப் பலப்படுத்தலாம், மதகுக்குப் புது ஷட்டர் போடலாம், கலங்கலைச் செப்பனிடலாம், தூர் வாரலாம், வரத்துக்கால்வாயைச் சீர்செய்யலாம். பணம் இரண்டுக்குத்தான் வரும். கண்ணுக்குத் தெரிவது கரை. அதன்மேல் நடைபாதை போட்டு, விளக்கு நட்டு, கைப்பிடிக்கு வர்ணம் அடித்துவிட்டால் திறப்புவிழாவுக்கு ஆகும். வரத்துக்கால்வாயோ ஊருக்கு வெளியே, சீமைக்கருவேல முள்ளுக்குள், பாதி ஆக்கிரமிப்பில் கிடக்கும். அங்கே போய் நின்று யாரும் போட்டோ எடுப்பதில்லை. 2021 நவம்பரில் பாலாறு இரு கரையும் தொட்டு ஓடியது. வரத்து அடைபட்ட ஏரிக்கு அந்த வெள்ளத்தால் என்ன பயன்? தண்ணீர் வந்த வழியே போயிற்று.

நமக்கு வரத்து என்பது சாதாரண ஆள். தன் அடாவைத் திறக்கும் ரகசியச் சாவியைப் பத்திரமாக வைத்திருக்கவும், எதற்கு வாக்களிக்கிறோம் என்று புரிந்து வாக்களிக்கவும் தெரிந்த ஆள்.

குடியாத்தத்தில் லுங்கி வியாபாரம் பார்க்கும் என் மாமா ஒருவர் கொஞ்சம் அடா வாங்கினார். அடா வைக்கும் வாலட் செயலி தந்த, போன் போனாலும் கணக்கைத் திரும்பத் திறக்க உதவும் 24 மீட்புச் சொற்களைப் பில் புத்தகத்தின் பின்னட்டையில் எழுதிவைத்திருந்தார், தமிழ் எழுத்தில். போன் கெட்டுப்போனதும் என்னைக் கூப்பிட்டார். 16 சொற்கள் வரை தடையில்லை. பதினேழாவது, ‘கோட்’. கணினிக் குறியீடு என்கிற code-ஆ, ஆடு என்கிற goat-ஆ? மீட்புச் சொற்கள் எடுக்கப்படும் 2048 ஆங்கிலச் சொற்களின் பட்டியலில் இரண்டுமே இருக்கின்றன. தமிழ் எழுத்தில் இரண்டும் ஒன்றுதான். கடைசிச் சொல்லுக்குள் சரிபார்ப்பு இருப்பதால் தப்பான சேர்க்கையை வாலட் பெரும்பாலும் ஏற்காது. முதலில் குறியீட்டைப் போட்டேன், நிராகரித்தது. ஆட்டைப் போட்டேன், திறந்தது. மாமா அன்றைக்கு ஆட்டுக்கறி வாங்கிப்போட்டார் என்பது தனிக்கதை.

மீட்புச் சொற்களுக்கான அந்தப் பொதுத் தரத்தின் சொற்பட்டியல் ஜப்பானிய மொழியில் உண்டு, கொரிய மொழியில் உண்டு, செக் மொழியிலும் உண்டு; எந்த இந்திய மொழியிலும் கிடையாது. தமிழ்ப் பட்டியல் கேட்கிறேன் என்று எண்ண வேண்டாம். அதை எல்லா வாலட்டும் ஏற்காவிட்டால் புதுச் சிக்கல்தான். ஆங்கில எழுத்திலேயே எழுது, ஒவ்வொரு சொல்லுக்கும் முதல் நாலு எழுத்து போதும் என்று தமிழில் ஒரு பக்கம் அச்சடித்துக் கொடுத்திருந்தால் மாமாவுக்கு இந்தப் பாடு வந்திருக்காது.

அவருடைய வாக்கின் கதை இன்னும் மோசம். 2025 ஜனவரி 29 அன்று நடந்த பிளாமின் என்ற கார்டானோ மென்பொருள் மேம்படுத்தலுக்குப் பிறகு, வாக்கை யாரிடமாவது ஒப்படைக்கவோ, கலந்துகொள்ளவில்லை என்றாவது பதியவோ செய்யாமல், அடாவை வைத்து வலையமைப்பைத் தாங்குவதற்குக் கிடைக்கும் ஸ்டேக்கிங் வெகுமதியை எடுக்க முடியாது. மாமா என்ன செய்தார்? பணம் எடுக்கும் அவசரத்தில் ‘கலந்துகொள்ளவில்லை’ என்ற பொத்தானை அழுத்தினார். டோல்கேட்டில் சில்லறை கொடுப்பதுபோல. அவர் மட்டுமா?

மக்களுக்கு அக்கறையில்லை என்று சொல்லாதீர்கள். அதிக வட்டி ஆசைகாட்டி மூழ்கிய நிதி நிறுவனங்களால் நகையை இழந்த குடும்பங்கள் எங்கள் பக்கம் ஏராளம். டீக்கடையில் பிளாக்செயின் என்று வாயெடுத்தால், ‘மாசம் எவ்ளோ குடுப்பாங்க?’ என்று ஒருவர் கேட்பார், ‘நீயும் ஆள் சேர்க்க வந்துட்டியா?’ என்று இன்னொருவர் முறைப்பார். இரண்டு பேருக்கும் பதில் சொல்லத் தமிழில் நம் கையில் என்ன இருக்கிறது?

பணம் இல்லாமலில்லை. ஐந்து நாளுக்கு ஒருமுறை, புதிதாக வெளியாகும் அடாவும் பரிவர்த்தனைக் கட்டணமும் சேர்ந்த தொகையில் 20 சதவீதம் கருவூலத்துக்குப் போகிறது. அதிலிருந்து எடுக்க ஒரு நடவடிக்கையை, அதாவது வாக்கெடுப்புக்கான கோரிக்கையை, தாக்கல் செய்ய 1,00,000 அடா முன்பணம் வேண்டும். திரும்பி வரும் பணம்தான்; குப்பை முன்மொழிவுகளைத் தடுக்கத் தடுப்பு தேவை என்பதும் சரிதான். ஆனால் கட்டுவதற்கு முதலில் கையில் இருக்க வேண்டுமே. எங்களைப் போன்றவர்கள் கேட்பதற்கே பெரியவர் ஒருவரின் சிபாரிசு வேண்டியிருக்கிறது. பத்துப் பதினைந்து ஊர்களின் சிறு கோரிக்கைகளை ஒரே நடவடிக்கையாகக் கட்டி, முன்பணத்தை வசதியுள்ள ஒரு அமைப்பு போடட்டும்.

எங்கள் தொழிலில் எம்-புக் என்று ஒன்று உண்டு, அளவுப் புத்தகம். இன்ஜினியர் டேப் பிடித்து அளந்து, நீளம் அகலம் ஆழம் எழுதிக் கையெழுத்துப் போடாமல் பில் நகராது. அதிலும் தில்லுமுல்லு நடக்கும், தெரியும். ஆனாலும் யார் அளந்தார் என்று பெயர் இருக்கும். மைல்கல் எட்டினால் தானாகப் பணம் விடுவிக்கும் ஸ்மார்ட் கான்ட்ராக்ட் என்ற நிரலை நாம் எழுதிவிடலாம். மைல்கல் எட்டப்பட்டதா என்பதை செயினால் பார்க்க முடியாது. பொய்யை எழுதினால் பொய்யை அழியாமல் காக்கும், அவ்வளவுதான். அடுத்த வரவுசெலவில் ஒவ்வொரு தலைப்புக்கும் எதிரே இரண்டு கட்டம் சேருங்கள்: இதற்காக எதைக் கைவிடுகிறோம், இதை யார் அளப்பார். அந்தக் கட்டங்கள் காலியாக இருந்தால் என் சின்ன வாக்கு எதிர்ப்புதான். மொத்தத்தில் ஒரு பங்கை, சின்னப் பங்கானாலும், வரத்துக்கு என்று தனியே எடுத்துவையுங்கள்.

மாமாவிடம் போன வாரம் வாக்கை மாற்றச் சொன்னேன். ‘யாருக்குப் போடணும், அவங்க என்ன செய்யப்போறாங்கன்னு தமிழ்ல ஒரு தாள் குடு மாப்ள, படிச்சுட்டுச் சொல்றேன்’ என்றார். கொடுக்க என்னிடம் தாள் இல்லை.

இப்படிக்கு,
காட்பாடியிலிருந்து ஒரு கணக்குப்பிள்ளை