வெளிநாட்டுப் பேரப்பிள்ளைகள் வருமுன் கிணற்றுக்கு மூடி போடுங்கள்

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

ஜூலை பிறந்தால் கனடாவிலும் ஐரோப்பாவிலும் பள்ளிக்கூடங்கள் பூட்டிவிடும். பிறகு ஓகஸ்ட் முடியும்வரை யாழ்ப்பாணத்துக்குப் போகும் ஏ-9 வீதியில் கூரையில் பெட்டி கட்டிய வான்கள் வந்தபடி இருக்கும். பயணச்சீட்டு, விசா, ஆர் ஆருக்கு என்ன கொண்டுபோவது என்பதெல்லாம் ஆறு மாதத்துக்கு முன்பே பேசி முடிவாகிவிடுகிறது. ஐந்து வயதுக்கு உட்பட்ட பிள்ளை மூன்று கிழமை தங்கப்போகும் வீடு எப்படி இருக்கிறது என்று மட்டும் ஒருவரும் கதைப்பதில்லை. வருகிறவர்கள், "அம்மா எல்லாம் பார்த்திருப்பா" என்று நினைக்கிறார்கள். இங்கே இருக்கிறவர்கள், "பிள்ளைகள் எல்லாம் கொண்டுவருவினம்" என்று இருந்துவிடுகிறார்கள். இரண்டு நினைப்புக்கும் இடையில் விடுபட்டுப் போகிறவற்றைத்தான் எழுதுகிறேன்.

முதலில் கிணறு. எங்கள் பிள்ளைகள் தவழும் காலத்திலிருந்தே "கிணத்தடிக்குப் போகாதை" என்ற அதட்டலைக் கேட்டு வளர்பவர்கள். ரொறன்ரோவிலோ சூரிச்சிலோ பிறந்த மூன்று வயதுப் பிள்ளைக்குக் கிணறு என்றால் என்னவென்றே தெரியாது; எட்டிப் பார்க்கத்தான் ஓடும். வீட்டுக் கிணற்றுக்குக் கட்டு இருந்தாலும், வளவின் பின்னால் இருக்கும் தோட்டக் கிணறு நிலமட்டத்தில் திறந்து கிடக்கும். கட்டு இருந்தால் மட்டும் போதாது, உயரத்தையும் அளந்து பாருங்கள். மூன்று வயதுப் பிள்ளையின் உயரம் ஏறத்தாழ மூன்றடி. சிறுபிள்ளைக்குத் தலைப்பாரம் கூட என்பதால், நெஞ்சுக்குக் கீழே நிற்கும் எந்தச் சுவரிலும் எட்டிப் பார்த்தால் தலைகுப்புறப் போய்விடும். கட்டு மூன்றரை அடிக்குக் குறையக்கூடாது. கட்டோடு ஒட்டி உடுப்புத் தோய்க்கிற கல், கவிழ்த்த வாளி, மோட்டர் பெட்டி என்று ஏறி நிற்கக்கூடிய எதுவும் இருக்கக்கூடாது.

மூடி போடுவது பெரிய வேலையல்ல. வெல்டிங் கடையில் அளவு கொடுத்தால் அரை அங்குலக் கம்பியில் இரண்டு பாதியாக, நடுவில் பிணைச்சல் வைத்துச் செய்து தருவார்கள். கம்பிகளுக்கு இடையில் நாலு அங்குலத்துக்கு மேல் இடைவெளி விட வேண்டாம். விட்டால் உடல் நுழைந்து தலை இறுகிவிடும். ஒரு பாதியைத் திறந்து தண்ணீர் அள்ளலாம். பூட்டுக்கு ஒரு கொளுக்கி வைக்கச் சொல்லுங்கள். பழைய மீன்வலையை விரித்துக் கட்டுவது பலருடைய வழக்கம். அது சருகு விழாமல் தடுக்கும், பதினைந்து கிலோப் பிள்ளையைத் தாங்காது. இதே சுற்றில் மலசலகூடக் குழியின் மூடிக் கல் வெடித்திருக்கிறதா என்றும் பாருங்கள். குளியலறையில் இரவிரவாக நிரம்பி நிற்கும் வாளியையும் கவிழ்த்து வையுங்கள். தவழும் பிள்ளை மூழ்க அரை வாளித் தண்ணீர் போதும்.

இரணைமடு, முத்தையன்கட்டு போன்ற குளங்களில் கோடையில் தண்ணீர் வற்றினால் கரை ஆழமில்லாதது போலத் தோன்றும். மண் அள்ளிய கிடங்குகள் அதற்குள் மறைந்து கிடக்கின்றன. முதலையும் உண்டு. முல்லைத்தீவுக் கடல் ஜூலை, ஓகஸ்டில் அமைதியாகத் தெரிந்தாலும் கரையிலிருந்து சட்டென்று ஆழமாகிறது. முழங்காலளவுக்கு மேல் பிள்ளையை விடவேண்டாம், அதுவும் கையைப் பிடித்தபடி.

அடுத்தது காய்ச்சல் மருந்து. கணக்குத் தவறுவது அதிகமும் இங்கேதான். கனடாவில் விற்கும் பிள்ளைகளுக்கான ரைலனோல் பாணியில் 5 மில்லிலீற்றருக்கு 160 மில்லிகிராம் பரசிற்றமோல் இருக்கிறது. அங்கேயே கைக்குழந்தைகளுக்கு விற்கும் சொட்டு மருந்தில் 1 மில்லிலீற்றருக்கே 80 மில்லிகிராம். எங்கள் மருந்துக்கடைகளில் கிடைக்கும் பாணியில் பொதுவாக 5 மில்லிலீற்றருக்கு 120 மில்லிகிராம். அம்மம்மா தனக்குத் தெரிந்த கணக்கில் அந்தச் சொட்டு மருந்தை ஒரு தேக்கரண்டி கொடுத்தால் 400 மில்லிகிராம் உள்ளே போய்விடும். அதனால் கரண்டிக் கணக்கை விட்டு நிறைக் கணக்குக்கு வாருங்கள். பிள்ளையின் நிறையில் கிலோவுக்கு 10 முதல் 15 மில்லிகிராம். இரண்டு வேளைக்கு நடுவில் ஆறு மணித்தியாலம். ஒரு நாளில் நாலு தடவைக்கு மேல் இல்லை. 12 கிலோப் பிள்ளைக்கு ஒரு வேளைக்குக் கூடியது 180 மில்லிகிராம். இது எங்கள் பாணியில் 7.5 மில்லிலீற்றர், கனடாப் பாணியில் ஐந்தரை. புறப்படுமுன் நிறை பார்த்து, மருந்தின் பெயர், செறிவு, எத்தனை மில்லிலீற்றர் என்று ஒரு தாளில் தமிழில் எழுதிக் குசினிச் சுவரில் ஒட்டிவிடலாம். அளவுக்கு ஊசியில்லாத சிறிஞ்சைப் பயன்படுத்துங்கள், தேக்கரண்டி வேண்டாம்.

அட்வில், நியூரோபென் போன்ற ஐபியூபுரொபென் மருந்துகள் பெட்டியில் இருந்தாலும், இங்கே வந்த காய்ச்சலுக்குக் கொடுக்கக்கூடாது. டெங்குவாக இருந்தால் அவை இரத்தக்கசிவைக் கூட்டும். அஸ்பிரினும் அப்படித்தான். காய்ச்சல் இரண்டு நாள் தாண்டினால் இரத்தம் சோதிக்க வேண்டும். டெங்குவின் குணமே வேறு: காய்ச்சல் விடும் நேரத்தில்தான் ஆபத்து வரும், பெரும்பாலும் மூன்றாம் நாளுக்கும் ஏழாம் நாளுக்கும் இடையில். "உடம்பு குளிர்ந்திட்டுது, சுகம்" என்று வீட்டுக்காரர் மூச்சு விடும்போது பிள்ளை சோர்ந்து, வயிற்று நோ என்று அழுது, சலம் குறைந்து கிடந்தால் உடனே மாவட்ட வைத்தியசாலைக்குக் கொண்டுபோங்கள். 1990 இலக்கத்துக்கு அழைத்தால் அம்புலன்ஸ் இலவசமாக வரும். மலேரியாக் குளிசையைப் பற்றி மூத்தவர்கள் இன்னும் கேட்பார்கள். வன்னிக் காட்டு மலேரியாவை மறக்க முடியாதுதான். ஆனால் 2016 செப்ரெம்பரில் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடாக அறிவித்துவிட்டது. குளிசைக்குச் செலவழிக்கும் காசில் இரண்டு நல்ல நுளம்பு வலை வாங்கலாம்.

வலைக்கு இரண்டு பயன். டெங்கு நுளம்பு பகலில்தான் கடிக்கும், ஆகவே பகல் நித்திரைக்கும் வலை வேண்டும். இரவில் வலையின் ஓரத்தை மெத்தைக்கு அடியில் இறுக்கிச் செருகினால் பாம்பும் ஏறாது. கட்டுவிரியன் அனேகமாக இரவில் தரையில் படுத்திருப்பவர்களைத்தான் கடிக்கிறது. கடி பெரும்பாலும் நோவதுகூட இல்லை. "காத்தோட்டமாயிருக்கும்" என்று விறாந்தையில் பாய் விரித்துப் பிள்ளையைக் கிடத்துவதை இந்த ஒரு காரணத்துக்காகவாவது விடுங்கள். கடித்துவிட்டால் கட்டவும் வேண்டாம், கீறவும் வேண்டாம். கடிபட்ட காலையோ கையையோ அசைக்காமல் வைத்து வைத்தியசாலைக்கு ஓடுங்கள்.

நாய் கடித்தாலோ பிறாண்டினாலோ, வீட்டு நாய்க்குட்டியாக இருந்தாலும், ஓடும் தண்ணீரில் சவர்க்காரம் போட்டு 15 நிமிடம் கழுவுங்கள். மஞ்சள், கோப்பித்தூள் எதுவும் பூச வேண்டாம். விசர்நாய்க்கடி ஊசி அரச வைத்தியசாலையில் இலவசம். வெளிநாட்டுப் பிள்ளைகள் தெருநாயைக் கண்டால் கட்டிப்பிடிக்கப் போவார்கள், அங்கே பழகியது அது.

தண்ணீரைக் கொதிக்க வைத்தால் எல்லாம் சரி என்று ஒரு தவறான நம்பிக்கை இருக்கிறது. கொதிக்க வைத்தால் கிருமி சாகும்தான். ஆனால் கேத்திலின் அடியில் வெள்ளையாகப் படியும் கல்லையும், வவுனியாப் பக்கத்துக் கிணறுகள் பலவற்றில் இருக்கும் புளோரைட்டையும் அது முழுதாக நீக்காது. தண்ணீர் வற்ற வற்றப் புளோரைட் செறிவு கூடத்தான் செய்யும். பால்மா கரைக்கிற குழந்தைக்கு கரைந்த உப்புகளையும் நீக்கும் ஆர்.ஓ. கருவியில் வடிகட்டிய தண்ணீரை எடுத்து, அதையும் கொதிக்க வையுங்கள். கொதித்து அரை மணித்தியாலத்துக்குள், 70 பாகைக்குக் குறையாத சூட்டில் மாவைப் போட்டுக் கரைத்துப் பிறகு போத்தலை ஆறவிட வேண்டும். சுடுதண்ணீர்ப் போத்தலில் காலையில் ஊற்றி வைத்த வெதுவெதுப்பான தண்ணீரில் கரைப்பது பிழை. மாவிலேயே கிருமி இருக்கலாம், அந்த 70 பாகைச் சூட்டில்தான் அது சாகும். அங்கே குடித்த மாவையே மூன்று கிழமைக்கு அளந்து கொண்டுவருவது நல்லது. வயிற்றோட்டம் வந்தால் ஜீவனி, அதாவது தண்ணீரில் கரைத்துக் குடிக்கும் உப்புப் பக்கெட். பக்கெட்டில் போட்டிருக்கும் அளவுத் தண்ணீரில் முழுப் பக்கெட்டையும் கரைக்க வேண்டும். பாதி பாதியாகக் கரைத்தால் உப்பின் அளவு பிழைத்துவிடும். 24 மணித்தியாலத்துக்குப் பின் மிச்சத்தை ஊற்றிவிடுங்கள். கனடாவிலிருந்து நெபுலைசர் கொண்டுவருகிறவர்கள் அடியில் எழுதியிருப்பதை வாசியுங்கள். 120 வோல்ட் மட்டும் என்றிருந்தால் எங்கள் 230 வோல்ட்டில் செருகியதும் எரிந்துவிடும், செருகியை மாற்றும் அடப்ரர் அதைத் தடுக்காது.

வீதியைப் பற்றிச் சொல்ல நிறைய இருக்கிறது. கட்டுநாயக்காவிலிருந்து கிளிநொச்சிக்கு 300 கிலோமீற்றருக்கு மேல், ஆறு ஏழு மணித்தியாலம். விமானம் இரவில் இறங்கினால் அப்படியே வானில் ஏறிவிடுவது வழக்கமாகிவிட்டது. சாரதி பகல் முழுக்க வந்து, காத்திருந்து, நித்திரையில்லாமல் திரும்புகிறார். வவுனியா தாண்டினால் நடு வீதியில் கட்டாக்காலி மாடுகள் படுத்திருக்கும். ஒட்டுசுட்டான், நெடுங்கேணிப் பக்கம் யானையும் வரும். நீர்கொழும்பில் ஓர் இரவு தங்கி விடிய ஐந்து மணிக்கு வெளிக்கிட்டால் மதியத்துக்கு வீடு.

பிள்ளை இருக்கையைக் கொண்டுவர வேண்டும், இங்கே வாடகை வானில் கிடைக்காது. ஆனால் எல்லா இருக்கையும் எல்லா வானிலும் பொருந்தாது. ஐரோப்பாவில், வாகன இருக்கையிலேயே பொருத்தியிருக்கும் ஐசோபிக்ஸ் கொளுக்கியில் மட்டும் பூட்டுகிற இருக்கைகள் இங்குள்ள பழைய வான்களில் பயனற்றவை. பெல்ட்டில் பூட்டுகிற ஐரோப்பிய இருக்கைக்குப் பெரும்பாலும் தோள்பட்டி சேர்ந்த மூன்றுமுனை பெல்ட் வேண்டும். பின்வரிசையில் பலவேளை இடுப்புப்பட்டி மட்டும்தான். கனடா இருக்கைகளில், உடம்பைச் சுற்றிப் பட்டி உள்ளவற்றை இடுப்புப்பட்டியிலும் இறுக்கலாம். பெரிய பிள்ளைகளை உயர்த்தி வைக்கும் பூஸ்ரரை அப்படிப் பாவிக்க முடியாது. ஆகவே வான் பிடிக்கும்போதே வாடகையை மட்டும் பேசாமல், பின் இருக்கையையும் பெல்ட்டையும் படம் எடுத்து அனுப்பச் சொல்லிக் கேளுங்கள். இங்கிருந்து போய்ப் பிடித்துக் கொடுக்கும் மாமாமார் செய்ய வேண்டியது இதுதான். வந்தபின் "ஒரு ரவுண்ட்" என்று மோட்டார்சைக்கிளில் முன்னால் வைத்து ஓட்டுவதையும் நிறுத்த வேண்டும். விழாவிட்டாலும், இறங்கும்போது சைலன்சரில் கெண்டைக்கால் வெந்துபோன பிள்ளைகள் எத்தனை!

கடவுச்சீட்டு விஷயம் சுருக்கம்: கனடாவில் பெற்றோருடையது 10 வருடம்வரை, சிறுபிள்ளையுடையது ஐந்து வருடம்வரைதான். தங்களுடையதைப் பார்த்துவிட்டு இருப்பவர்கள் கடைசி மாதத்தில் ஓடித் திரிகிறார்கள். தாயோ தகப்பனோ தனியே கூட்டிவந்தால் மற்றவரின் கையெழுத்திட்ட சம்மதக் கடிதம் கையில் இருக்கட்டும். மஞ்சட்காமாலை ஏ, நெருப்புக்காய்ச்சல் தடுப்பூசிகளுக்கு ஆறு கிழமைக்கு முன்பே டொக்டரிடம் போகவேண்டும். நெருப்புக்காய்ச்சல் ஊசி பொதுவாக இரண்டு வயதுக்குப் பின்புதான்.

ஓகஸ்ட் 15 மடுத் திருவிழாவுக்குப் போகிறவர்கள் பிள்ளையின் கையில் பட்டி கட்டி உள்ளூர் தொலைபேசி இலக்கத்தை எழுதுங்கள், வெளிநாட்டு இலக்கத்தை அல்ல. பிரெஞ்சு மட்டும் கதைக்கிற பிள்ளை தொலைந்தால் அங்கே ஆரிடம் போய் என்ன சொல்லும்? கிராமப்புறத்தில் காட்டோரம், கைவிட்ட வளவு, தலையோட்டுப் படம் போட்ட சிவப்புக் கண்ணிவெடி எச்சரிக்கைப் பலகை உள்ள இடம் எதற்குள்ளும் விடவேண்டாம். வெடிக்காத குண்டாக இருக்கலாம், ஆகவே துருப்பிடித்த எந்த இரும்பையும் தொடக்கூடாது என்று வந்த அன்றே சொல்லிக் கொடுங்கள்.

ரொறன்ரோவுக்கும் எங்களுக்கும் கோடையில் ஒன்பதரை மணித்தியால வித்தியாசம். பிள்ளைக்கு இரவு பகல் சரிவர ஒரு கிழமை எடுக்கும். அந்த ஒரு கிழமைக்குள்ளேயே பத்து வீட்டுக்குச் சாப்பாட்டுக்குக் கூப்பிடுவது அன்புதான். ஆனால் ஒரு நாளைக்கு ஒரு வீடு, அதுவும் நாலு மணிக்குப் பிறகு என்று வைத்தால் பிள்ளையும் சிரிக்கும். "பிள்ளை ஒண்டும் சாப்பிடுதில்லை" என்று தாயைக் குற்றம் சொல்லாமல், மிளகாய் போடாத சொதியும் இடியப்பமும், பருப்பும் சோறும், கதலிப்பழமும் வையுங்கள். பாலைப்பழக் காலத்தில் வந்தால் கட்டாயம் கொடுங்கள், அது வேறெங்கே கிடைக்கும்? நாலு வயதுக்குக் கீழே என்றால் விதை எடுத்துக் கொடுக்க வேண்டும். உதட்டில் ஒட்டிய பழத்தின் பாலுக்குத் தேங்காயெண்ணெய் தடவினால் போகும்.

திரும்பிப் போய் இரண்டு கிழமைக்குள் பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால், டொக்டரிடம் முதல் வசனமாக "இலங்கைக்குப் போய் வந்தோம்" என்று சொல்லுங்கள். சொல்லாவிட்டால் அங்குள்ள டொக்டர் சளிக்காய்ச்சலைத்தான் முதலில் நினைப்பார்.

இப்படிக்கு,
வாசகர்,
கிளிநொச்சி