ஜப்பானிய மொழிப் பாடத்துக்கு இங்கிலீஷ் எதற்கு?

ஆசிரியருக்கு வணக்கம்.

கல்வி இணைப்பில் ஜப்பானிய மொழிப் பாடம் போட ஆரம்பித்திருக்கிறீர்கள், நல்ல விஷயம், பாதியில் நிறுத்திவிடாதீர்கள். ஆனால் ஒவ்வொரு ஜப்பானிய வரிக்கும் கீழே இங்கிலீஷ் வரி போட்டிருக்கிறீர்கள், முதல் பாடத்திலேயே ‘வினைச்சொல் வாக்கியத்தின் கடைசியில் வரும், புதிதாகப் படிப்பவர்களுக்கு இது பெரிய சவால்’ என்று எழுதியிருக்கிறீர்களே, யாருக்குச் சவால்? இங்கிலீஷ்காரருக்கு இருக்கலாம். ‘நான் சோறு சாப்பிட்டேன்’ என்று பேசுகிறவர்களுக்கு ‘வதாஷி வா கொஹான் ஓ தபெமாஷிதா’ என்பதில் திருப்பிப்போட ஒன்றுமே இல்லை. வதாஷி நான், ‘வா’ யாரைப் பற்றிய பேச்சு என்று காட்டும் உருபு, கொஹான் சோறு, தபெமாஷிதா சாப்பிட்டேன். நடுவில் வரும் அந்த ‘ஓ’ நம்முடைய ‘ஐ’ வேற்றுமை உருபு செய்கிற வேலையைத்தான் செய்கிறது, அதுவும் பெயர்ச்சொல்லுக்குப் பின்னால்தான் வருகிறது.

என் மகள் நர்சிங் முடித்துவிட்டு ஜப்பான் வேலைக்காகச் சாயந்தர வகுப்புக்குப் போகிறாள். அவளுடைய நோட்டைப் புரட்டினால் ஒரு ஜப்பானிய வரி, அதற்குக் கீழே ஒரு இங்கிலீஷ் வரி, இரண்டுக்கும் நடுவே நீலப் பேனாவில் குறுக்கும் நெடுக்குமாக அம்புக்குறிகள், எந்தச் சொல் எங்கே போகிறது என்று காட்ட. ‘கினோ எகி டெ தொமொதாச்சி நி ஐமாஷிதா’ என்ற சின்ன வாக்கியத்துக்கே அம்புகள் எல்லாம் ஒன்றையொன்று வெட்டிக்கொண்டு போகின்றன. இங்கிலீஷ் வரியை அடித்துவிட்டு ‘நேற்று ஸ்டேஷனில் நண்பரைச் சந்தித்தேன்’ என்று எழுதிக் காட்டினேன். கினோ நேற்று, எகி டெ ஸ்டேஷனில், தொமொதாச்சி நி நண்பரை, ஐமாஷிதா சந்தித்தேன். ஒரு அம்புகூட வளையவில்லை. தமிழ் பேசுகிற வாத்தியார் தமிழ் பேசுகிற பிள்ளைகளுக்கு இங்கிலீஷ் வழியாக இதைச் சொல்லிக்கொடுப்பது தலையைச் சுற்றி மூக்கைத் தொடுகிற வேலை.

வாக்கியம் நீள நீளத்தான் இதன் லாபம் தெரியும். ஜேஎல்பிடி என்ற ஜப்பானிய மொழித் திறன் தேர்வில் ஒரு கேள்வி உண்டு, ஆரம்ப நிலையான என்5-இலேயே வரும். நான்கு கோடிட்ட இடம், அதில் ஒன்றில் நட்சத்திரக் குறி, கீழே கலைத்துப்போட்ட நான்கு துண்டுகள், நட்சத்திரம் இருக்கிற இடத்துக்கு எது வரும் என்று கேட்பார்கள். உதாரணத்துக்கு நானே ஒன்று போடுகிறேன்: ‘கினோ’ என்று தொடங்கி ‘வா ஒமொஷிரொகத்தா டெஸ்’ என்று முடிகிறது, இடையில் போட வேண்டியவை ஹொன், கத்தா, டெ, எகி, நட்சத்திரம் மூன்றாவது இடத்தில். இங்கிலீஷில் யோசிப்பவர் முதலில் ‘புத்தகம்’, அதற்குப் பின்னால் ஒரு இணைப்புச் சொல், அப்புறம் ‘வாங்கினேன்’ என்று போய், பிறகு மொத்தத்தையும் தலைகீழாக்க வேண்டும். தமிழில் யோசித்தால் ‘நேற்று ஸ்டேஷனில் வாங்கின புத்தகம் சுவாரசியமாக இருந்தது’. எகி, டெ, கத்தா, ஹொன். மூன்றாவது கத்தா. நம் பெயரெச்சம் மாதிரியே வினை நேராகப் பெயருக்கு முன்னால் போய் உட்கார்ந்துகொள்கிறது, நடுவில் இணைப்புச் சொல் எதுவும் கிடையாது.

இதைச் சொன்னதும் ஜப்பானியர் நம் தூரத்துச் சொந்தம் என்று சிலர் கிளம்பிவிடுவார்கள். சுசுமு ஓனோ என்ற ஜப்பானிய மொழியறிஞர் தமிழுக்கும் ஜப்பானிய மொழிக்கும் உறவு உண்டு என்று சொன்னது உண்மைதான், ஆனால் மொழியியலாளர்கள் பெரும்பாலோர் அதை ஏற்கவில்லை. வினையைக் கடைசியில் வைப்பதைக் கொரிய மொழியும் துருக்கிய மொழியும் மங்கோலிய மொழியும்கூடச் செய்கின்றன. எனக்கு உறவு வேண்டாம், வசதி போதும்.

சரி, அப்படியானால் எல்லாமே சுலபமா என்றால் இல்லை, நமக்கென்று தனியாகச் சில குழிகள் இருக்கின்றன, இங்கிலீஷ் வழியாக நடத்துகிற வகுப்பில் அவற்றைப் பற்றி யாரும் சொல்வதே இல்லை. நாம் ‘வீட்டில் இருக்கிறேன்’, ‘வீட்டில் படிக்கிறேன்’ இரண்டுக்கும் ஒரே ‘இல்’ போடுகிறோம். அவர்கள் சும்மா இருப்பதற்கு ‘நி’, அங்கே ஒரு வேலை செய்தால் ‘டெ’. பஸ்ஸில் போனால் ‘டெ’, பஸ்ஸில் ஏறினால் ‘நி’. நண்பரை என்று நாம் ‘ஐ’ போடுகிற இடத்தில் அவர்கள் ‘நி’ போடுவதை மேலேயே பார்த்தீர்கள். ‘எனக்குப் பூனை பிடிக்கும்’ என்பதை அப்படியே மாற்றினால் வதாஷிக்குப் பின்னால் ‘நி’ போடத் தோன்றும், ஆனால் ‘வதாஷி வா நெகொ கா சுகி டெஸ்’ என்றுதான் சொல்ல வேண்டும். (இந்தக் ‘கா’வும் கேள்விக்குக் கடைசியில் வரும் ‘கா’வும் வேறு வேறு ஒலி, தமிழ் எழுத்தில்தான் ஒன்றாகிவிடுகின்றன. அதனால் ஹிராகானா என்ற ஜப்பானிய எழுத்தை முதல் வாரமே சொல்லிக்கொடுத்துவிடுங்கள்.) ‘நான் நர்ஸ்’ என்று நாம் வெறுமனே நிறுத்திவிடலாம், அங்கே வகுப்பிலும் நேர்காணலிலும் ‘டெஸ்’ இல்லாமல் முடித்தால் மரியாதைக் குறைவு. அப்புறம், தபெமாஷிதா என்றால் சாப்பிட்டேனா, சாப்பிட்டாரா, சாப்பிட்டார்களா என்று வினையைப் பார்த்துச் சொல்ல முடியாது, நமக்கு இருக்கிற விகுதி அங்கே இல்லை. எழுவாயையும் பாதி நேரம் விட்டுவிடுவார்கள், யாரைப் பற்றிப் பேச்சு என்பதை நாம்தான் பிடித்துக்கொண்டே வரவேண்டும்.

2019-இல் ஜப்பான் கொண்டுவந்த திறன் தொழிலாளர் விசாவுக்குப் பொதுவாக என்5-க்கு அடுத்த படியான என்4 அளவு மொழியறிவாவது காட்ட வேண்டும். ஜேஎல்பிடி ஜூலையிலும் டிசம்பரிலும்தான் நடக்கிறது, ஒன்றைத் தவறவிட்டால் மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். முதியோர் பராமரிப்பு வேலைக்குப் போக நினைக்கிற நம் பிள்ளைகளில் நிறையப் பேர் தமிழ் வழியில் படித்தவர்கள். அவர்கள் வகுப்பில் திணறுவது பல நேரம் ஜப்பானிய மொழியால் அல்ல, அதை விளக்க வந்த இங்கிலீஷால்.

எனவே அடுத்த பாடத்திலிருந்து ஒவ்வொரு ஜப்பானிய வரிக்கும் கீழே சொல்லுக்குச் சொல் தமிழ் வரியைப் போடுங்கள், இங்கிலீஷ் வரியை எடுத்துவிடுங்கள். அதனால் மிச்சமாகும் இடத்தில் ‘நி’, ‘டெ’ பயிற்சியை நான்கு வரி கூடுதலாகக் கொடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், செங்கல்பட்டு