சியெனாவிலிருந்து அப்பாவுக்கு

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நலம். அங்கே எல்லோரும் நலம்தானே? செப்டம்பர் வந்தும் இந்த இத்தாலிய ஊரில் வெயில் குறையவில்லை. தெருவெல்லாம் மேடும் பள்ளமும். வகுப்புக்குப் போய் வருவதற்குள் முட்டி கழன்றுவிடுகிறது. இந்த டஸ்கனி வட்டாரத்துக்காரர்கள் ரொட்டியில் உப்பே போட மாட்டார்கள். மாவடு தீர்ந்துவிட்டது என்று அம்மாவிடம் சொல்லுங்கள்.

வெள்ளைக்காரர்கள் சிலையை அழகுக்குத்தான் வைப்பார்கள் என்று போனில் சொன்னீர்களே, இந்த ஊர்க் கதையைக் கேளுங்கள். 14-ஆம் நூற்றாண்டில் இங்கே மண்ணைத் தோண்டும்போது பழைய பளிங்குச் சிலை ஒன்று கிடைத்தது. ரோமானியரின் காதல் தெய்வமான வீனஸ் என்கிறார்கள். ஊரே கொண்டாடி, பெரிய மைதானத்து நீரூற்றின் மேல் தூக்கி வைத்தது. அப்புறம் பக்கத்து நகரமான ஃப்ளோரன்ஸோடு நடந்த சண்டையில் அடிமேல் அடி. சபையில் ஒருவர் எழுந்து, இது வந்த நாளிலிருந்துதான் நமக்குக் கேடு என்றாராம். 1357-இல் இறக்கிவிட்டார்கள். சும்மா தூக்கிப் போடவில்லை அப்பா! உடைத்து, எல்லை தாண்டிப் போய் ஃப்ளோரன்ஸ் மண்ணில் புதைத்தார்கள், பீடை அவர்களைப் பிடிக்கட்டும் என்று. இதை எழுதி வைத்தவரே ஒரு ஃப்ளோரன்ஸ் சிற்பி, கிபெர்த்தி.

பாமர பயம் என்று தள்ளவும் முடியாது. நூறு வருஷம் கழித்து அதே ஃப்ளோரன்ஸில் படித்தவர்களே சிலைக்குச் சக்தி உண்டு என்ற யோசனையில் இறங்கினார்கள். கிரேக்க தத்துவஞானி பிளேட்டோவைத் தள்ளி வைத்துவிட்டு, ஹெர்மிஸ் என்ற எகிப்திய ஞானி எழுதியதாக அன்று நம்பப்பட்ட நூல்களை முதலில் மொழிபெயர்க்கச் சொன்னார், அந்த நகரை ஆட்டிவைத்த கோசிமோ மெதிச்சி. அவர் ஆதரித்த அறிஞர் ஃபிச்சினோ 1463-இல் முடித்துக் கொடுத்தார். அந்த ஹெர்மிஸ் பெயரில் ஏற்கெனவே புழங்கிய லத்தீன் நூல் ஒன்றில், மூலிகை, கல், வாசனைப் பொருள் சேர்த்துச் சிலைக்குள் தெய்வ சக்தியை வரவழைக்கும் முறை வருகிறது. நம் கோயிலில் அஷ்டபந்தன மருந்து சாத்தியதுதான் எனக்கு நினைவு வந்தது.

ஃபிச்சினோ பாதிரியார், வைத்தியமும் தெரிந்தவர். 1489-இல் வந்த தன் புத்தகத்தில் இதையெல்லாம் ஆசையாக விவரித்துவிட்டு, நான் பிறர் சொன்னதைத்தான் சொல்கிறேன், உருவங்களைவிட மருந்தே மேல் என்று நழுவிவிடுகிறார். திருச்சபை பயம்தான், வேறென்ன? ஆனால் இங்கே கதீட்ரலுக்குள் நுழைந்தால், 1488-இல் பதித்த பளிங்குத் தரையில் அந்த ஹெர்மிஸே நிற்கிறார். நீண்ட தாடி, கூம்புத் தொப்பி. பைபிளில் வரும் மோசேயின் காலத்தவர் என்று காலடியில் எழுத்து வேறு! பழைய திருச்சபை அறிஞரான புனித அகஸ்டின் அந்தச் சிலைப் பகுதியைக் கிழித்துத் தொங்கவிட்டது தெரிந்தும்தான் வைத்திருக்கிறார்கள்.

வாடகை கட்டிவிட்டேன், பணம் அனுப்ப வேண்டாம். தம்பியின் ரிசல்ட் வந்ததும் எழுதுங்கள்.

அன்புடன்,
உங்கள் மகள்