செயலாளரின் ஆண்டறிக்கை, 2023-24

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும், செயற்குழுவினருக்கும், பொதுக்குழுவிற்கு வந்திருக்கும் பெற்றோருக்கும், ஆட்டக்காரத் தம்பிகளுக்கும் வணக்கம்.

வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் படிப்பார் என்பதால், நான் அதைப் பற்றி ஒன்று மட்டும் சொல்கிறேன். கடந்த ஆண்டு ஜூன் 12ஆம் நாள் மேட்டூர் அணை திறக்கப்பட்டும் நீர்வரத்து குறைந்து அக்டோபரில் மூடப்பட்டதால், குறுவையில் பலருக்குக் கையைக் கடித்தது. அறுவடை முடிந்ததும் நமது ஹாக்கி சங்கத்துக்கு வழக்கமாக வரும் நன்கொடைகள் இம்முறை வரவில்லை. நாமும் போய்க் கேட்கவில்லை. புதிய ஸ்டிக்குகள் வாங்காமல் பழையவற்றுக்கே டேப் சுற்றி ஆண்டை ஓட்டினோம்.

இனி இளையோர் அணியைப் பற்றி. மூத்த ஆட்டக்காரர்கள் கல்லூரிக்கும் வேலைக்கும் சென்றுவிட்ட நிலையில், பள்ளி மாணவர்களை மட்டுமே கொண்டு அமைத்த அணி, சென்ற இடமெல்லாம் முதல் சுற்றிலேயே தோற்றுத் திரும்பியது. காரணம் அறிய, ரயில்வே அணிக்குப் பல ஆண்டுகள் தடுப்பாட்டக்காரராக ஆடி, பொன்மலைப் பணிமனையில் ஓய்வு பெற்ற நமது மூத்த உறுப்பினரை அழைத்தோம். அவர் இரண்டு வாரம் புங்கமரத்தடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, யாரிடமும் எதுவும் பேசாமல் பயிற்சியைப் பார்த்தார். பிறகு செயற்குழுவில் அவர் கூறியவற்றைக் குறிப்பேட்டில் எழுதியபடியே இங்கு தருகிறேன்.

பையன்களின் கால் ஓட்டத்திலும் கைத்திறனிலும் குறையில்லை. ஆனால் எல்லோரும் பந்தையே பார்க்கிறார்கள், ஆளைப் பார்ப்பதில்லை என்பது அவருடைய முதல் கருத்து. அவர் ஆடிய காலத்தில், தடுப்பாட்டக்காரர்களைத் தாண்டி முன்னால் நிற்பவர் பந்தை வாங்கக்கூடாது என்ற ஆஃப்சைடு விதி இருந்ததால், தடுப்பாட்டக்காரர்கள் ஒரே வரிசையாக முன்னேறி எதிரணியின் முன்வரிசை ஆட்டக்காரரான ஃபார்வர்டைச் சிக்க வைக்க முடிந்தது. 1990களின் பிற்பகுதியில் அவ்விதி நீக்கப்பட்ட பின், எதிராளி நம் கோல் முன்னாலேயே நின்று பந்துக்குக் காத்திருக்கலாம் என்பதால், அவனோடு எப்போதும் ஒருவர் நிற்க வேண்டும். அந்த ஒருவர் யார் என்பதைப் பின்னாலிருப்பவர் கத்திச் சொல்ல வேண்டும். நம் அணியில் கத்துபவர் யாருமில்லை.

ஏனென்று விசாரித்தபோது வந்த விடை எங்களுக்குச் சிரிப்பையும் வருத்தத்தையும் ஒருசேரத் தந்தது. ஆடுகளம் முழுவதையும் பார்க்கக்கூடிய இடத்தில் நிற்கும் கோல்கீப்பர்தான் அணியிலேயே வயதில் இளையவர். முன்னால் நிற்கும் அண்ணன்மார்களைப் பெயர் சொல்லி அதட்ட அவருக்குக் கூச்சம். "கோட்டுக்கு வெளியே அண்ணன், உள்ளே பேர்" என்று பெரியவர் அன்றே விதி செய்தார். மறுநாள் முதல் பந்தை எடுத்துத் தம் மடியில் வைத்துக்கொண்டு, பந்தே இல்லாமல் கால் மணி நேரம் ஆடச் சொன்னார். ஓடுவதும், ஆளைப் பிடிப்பதும், பெயர் சொல்லிக் கூப்பிடுவதும் மட்டுமே பயிற்சி. வேடிக்கை பார்த்தவர்கள் சிரித்தார்கள், நானும் உட்பட.

மைதானத்தைப் பற்றியும் அவர் சொன்னார். நம்முடையது வண்டல் களிமண். ஐப்பசி, கார்த்திகையில் சேறு, சித்திரையில் பாளம் பாளமாக வெடிப்பு. இதில் பந்து எங்கே எகிறும் என்று தெரியாததால், பையன்கள் அதை நிறுத்திப் பார்த்த பிறகே அடுத்ததை யோசிக்கப் பழகியிருக்கிறார்கள். கோவில்பட்டியில் உள்ளதுபோன்ற செயற்கைப் புல்வெளியில் அந்த ஒரு நொடிக்கு இடமில்லை. 1976 மாண்ட்ரியல் ஒலிம்பிக்கிலேயே ஆட்டம் செயற்கைத் தளத்துக்கு மாறிவிட்டது. நம் பிள்ளைகள் இன்னும் அங்கு விருந்தாளிகளாகவே போகிறார்கள். செயற்கைத் தளம் அமைக்க நம்மால் ஆகாது. பந்து வருமுன்பே தலையைத் திருப்பிப் பார்க்கும் பழக்கத்தைக் களிமண்ணிலும் கற்றுத் தரலாம் என்றார்.

இரண்டாவது கோல் விழுந்ததும் தோள் தொங்கிவிடுவதையும் அவர் கவனித்திருந்தார். 2023 ஆகஸ்டில் சென்னையில் நடந்த ஆசிய சாம்பியன்ஸ் கோப்பை இறுதியாட்டத்தில், பாதி நேரத்தில் 1-3 எனப் பின்தங்கியிருந்த இந்திய அணி மலேசியாவை 4-3 என வென்றதை நம் பையன்கள் அனைவரும் தொலைக்காட்சியில் பார்த்தவர்கள். கொள்ளிடத்துக்கு அக்கரையில் உள்ள அரியலூர் மாவட்டத்துக் கார்த்தி செல்வம் அந்த அணியில் இருந்ததால் கூடுதல் ஆரவாரத்தோடு பார்த்தார்கள். அந்த மூன்றாவது கால் பகுதியில் கோல்களை விட்டுவிட்டு, பந்து இல்லாதவர்கள் என்ன செய்கிறார்கள் என்பதை மட்டும் பாருங்கள் என்று அவர் மறுபடி போட்டுக் காட்டினார்.

கடைசியாக அவர் சொன்னது செயற்குழுவைப் பற்றியது. மறைக்காமல் பதிவு செய்கிறேன். ஒவ்வொரு தோல்விக்குப் பிறகும் நாம் அணித் தலைவரை மாற்றினோம், நடுவரிசையான ஹாஃப் லைனை மாற்றினோம், ஒருமுறை ஓர் உறுப்பினரின் வற்புறுத்தலால் ஃபார்வர்டைப் பின்னால் நிறுத்தினோம். "நாற்றைப் பிடுங்கிப் பிடுங்கி நட்டால் வேர் எப்போது பிடிக்கும்?" என்று அவர் கேட்டபோது, விவசாயிகள் நிறைந்த அந்த அறையில் பதில் சொல்ல ஆளில்லை.

பொங்கலுக்குப் பின் ஆடியவற்றிலும் தோல்விகள் உண்டு. ஆனால் கோல்கீப்பரின் குரல் இப்போது சாலை வரை கேட்கிறது.

இவ்வாண்டு முழுவதும் அணித் தேர்வைப் பயிற்சியாளரிடமே விடுவது என்றும், அணித் தலைவரை இடையில் மாற்றுவதில்லை என்றும், மழைக்கு முன் மைதானத்துக்கு மணல் கலந்து உருளை ஓட்டுவது என்றும் மூன்று தீர்மானங்களைப் பொதுக்குழுவின் ஒப்புதலுக்கு வைக்கிறேன்.

இப்படிக்கு,
செயலாளர்