கூத்துக் களத்துக்குப் போகுமுன் கேமராவைத் தயார் செய்யுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பங்குனி பிறந்துவிட்டால் எங்கள் செய்யாற்றுப் பக்கத்துத் திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதக் கூத்து தொடங்கிவிடும். சில ஆண்டுகளாகக் களத்தின் ஓரத்தில் புது மிரர்லெஸ் கேமராவோடு பத்து இளைஞர்களாவது நிற்கிறார்கள். கூத்தைப் படமெடுக்க இத்தனை பேர் வருவதில் எனக்கு மிகுந்த மகிழ்ச்சி. அவர்களுக்காகத்தான் இந்தக் கடிதம்.

என் தாய்மாமா முப்பது ஆண்டுகள் துச்சாதனன் வேடம் கட்டியவர். முழங்கால் வலியால் அவர் ஆட்டத்தை நிறுத்திக்கொண்ட அந்தக் கடைசி இரவில், வாங்கி நான்கே நாளான கேமராவோடு போயிருந்தேன். எந்த அமைப்பையும் மாற்றாமல், கேமராவே சுருக்கித் தரும் ஜேபெக் கோப்பாக எடுத்தேன். களத்தைச் சுற்றிச் சிவப்பு எல்.இ.டி. விளக்குகள். வீட்டில் கணினியில் பார்த்தால், மாமா மணிக்கணக்காக உட்கார்ந்து எழுதிய முகம் ஒரே சிவப்புத் திட்டாக இருந்தது. முத்துவெள்ளை என்ற வெள்ளைச் சாயத்தில் வைத்த புள்ளிகளும் இல்லை, புருவத்தின் வளைவும் இல்லை. எவ்வளவு முயன்றும் மீட்க முடியவில்லை. அன்று அழுதேன்.

ஜேபெக்கில் ஒரு வண்ணத்துக்கு 256 படிநிலைகள்தான். 14 பிட் ரா கோப்பில் 16,384. ஒளியைப் பதியும் சென்சார் கண்டதை ரா அப்படியே வைத்திருப்பதால், விடிய விடிய மாறும் வெளிச்சத்துக்கு ஏற்ப வெள்ளையை வெள்ளையாகக் காட்டும் ஒயிட் பேலன்ஸைப் பிறகு நிதானமாகச் சரிசெய்யலாம். ஆகவே படத்தரத்தை ‘ரா + ஜேபெக்’ என்று வையுங்கள். ஜேபெக்கைக் காலையிலேயே கலைஞர்களுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடலாம். ராவைச் சுருக்கும் முறையில் இழப்பில்லாததைத் தேர்ந்தெடுங்கள். 24 மெகாபிக்சல் கேமராவில் ஒரு படம் ஏறக்குறைய 25 முதல் 30 எம்.பி. வரும், அதற்கேற்ற மெமரி கார்டு வேண்டும்.

ரா வைத்துவிட்டால் எல்லாம் தப்பிவிடும் என்று மட்டும் நம்பிவிடாதீர்கள். சிவப்பு விளக்கில் சென்சாரின் சிவப்பு முதலில் நிரம்பி வழிந்துவிடும். வழிந்தது ராவிலும் திரும்பாது. கேமராத் திரையில் தெரியும் படமும், இருட்டு இடதிலும் வெளிச்சம் வலதிலுமாகக் காட்டும் ஹிஸ்டோகிராம் என்ற வரைபடமும் ஜேபெக்கை வைத்தே காட்டப்படுகின்றன. அதனால் ஜேபெக்கின் நிறத்தை மிகைப்படுத்தாதபடி பட பாணியை ‘நியூட்ரல்’ ஆக்குங்கள். மூன்று வண்ணங்களையும் தனித்தனியாகக் காட்டும் ஹிஸ்டோகிராமை வையுங்கள். சிவப்பு மட்டும் வலது சுவரில் மோதினால் வெளிச்சத்தை ஒரு படி குறையுங்கள். முகம் திரையில் சற்று இருட்டாகத் தெரியும். பயப்பட வேண்டாம், ராவில் தூக்கிவிடலாம்.

ஓசையில்லாத (எலெக்ட்ரானிக்) ஷட்டரை அணைத்துவிடுங்கள். நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். பல விளக்குகள் நொடிக்கு 100 முறை துடிக்கும். ஓசையில்லாத ஷட்டரில் படத்தின் குறுக்கே பட்டை பட்டையாகக் கோடு விழும். சில கேமராக்களில் ராவின் 14 பிட்டும் 12 பிட்டாகக் குறைந்துவிடும். மெக்கானிக்கல் ஷட்டரில் வேகத்தை 1/100 நொடி வைத்து எடுக்கிறேன். கிறுகிறுவென்று சுற்றும்போது பாவாடை விளிம்பு கலங்கினாலும் முகம் நிற்கிறது. முகவீணையும் மிருதங்கமும் முழங்கும் இடத்தில் ஷட்டர் சத்தம் யார் காதில் விழப்போகிறது?

தேதியையும் நேரத்தையும் முதல் நாளே சரிசெய்யுங்கள். எந்தக் காட்சி எப்போது நடந்தது என்று பின்னால் தேடுகிறவருக்கு அதுதான் சாட்சி.

கேமரா விற்கும் கடைக்காரர்கள் பில் போடும்போது பத்து நிமிடம் ஒதுக்கி இவற்றைச் செய்து கொடுக்கக் கூடாதா? கூத்து தொடங்குமுன் இக்கடிதத்தை வெளியிட்டால் நன்றியுடையவனாவேன்.

இந்த ஆண்டு துச்சாதனன் வேடம் மாமாவின் மகனுக்கு. முகம் எழுதப்போகிறவர் மாமா. ஒப்பனைக் கொட்டகையிலிருந்தே படமெடுக்கத் தொடங்கிவிடுவேன்.

இப்படிக்கு,
பள்ளி ஆசிரியர் ஒருவர்,
செய்யாறு